சூடேறாத லொறி: நுவரெலியாவில் ஒரு டீசல் இன்ஜின் பழுதாய்வு

பின்னணி

2023 ஜனவரி, தைப்பொங்கல் கழிந்த வாரம். நான்கு சிலிண்டர் டீசல் லொறி ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. ஜப்பான் தயாரிப்பு, மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. கந்தப்பளைப் பக்கத்தில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இறக்குவதுதான் அதன் தொழில். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை, கண்டி, மாத்தளை என்று இறங்கிப் போய், மறுநாள் அதே பாதையில் திரும்பும்.

இந்தப் பாதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைநாட்டு மரக்கறி லொறி பாரத்தோடு இறங்கும். வெறும் வண்டியாக ஏறும். இறக்கத்தில் சாரதி கியரைக் குறைத்து, புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பிடித்தபடி வருவார். அப்போது இன்ஜினுக்குள் டீசல் போவதில்லை, வெப்பமும் பிறப்பதில்லை. குளிர்ந்த காற்றை இழுத்து வெளியே தள்ளும் பம்பாகத்தான் அது சுற்றுகிறது. ஏற்றத்தில் வண்டி வெறுமையாக இருப்பதால் அப்போதும் பெரிய வேலை இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்வெளிகளில் விடியற்காலை பனி உறைந்து கிடக்கும். "நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தேர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கொழும்பில் சொல்லும் பேச்சு இங்கே செல்லாது. தேர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு.

என்ன சொல்லிக் கொண்டுவந்தார்கள்

உரிமையாளர் வரும்போதே தீர்ப்போடு வந்தார். "தம்பி, ஹெட் கேஸ்கட் போயிருச்சாம். ஹெட்டைக் கழட்டிப் பாத்துருங்க." இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள சீல்தான் ஹெட் கேஸ்கட்; அது போனால் தண்ணீர் சிலிண்டருக்கும் ஒயிலுக்கும் கசியும். வேறோர் இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதற்குக் காரணமும் இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பத்து, பதினைந்து நிமிடம் வெள்ளைப் புகை. ஒயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஒரு படிவு. போதாததற்கு, டிசம்பரில் ஒரு நாள் றம்பொடை ஏற்றத்தில் ஹீட் மீட்டர் சிவப்பைத் தொட்டிருக்கிறது.

சாரதியின் முறைப்பாடு இதற்கு நேர்மாறாக இருந்தது. "பாஸ், ஹீட்டு மீட்டரு எந்திரிக்கவே மாட்டேங்குது. கேபின் ஹீட்டரும் ஐஸ் காத்துதான் ஊதுது." அப்படியானால் டிசம்பரில் சிவப்புக்குப் போனது எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: வண்டி சூடேறாததால் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்குக் கட்டி ஓட்டுவது வழக்கமாம். அன்று காலை கட்டிய சாக்கை அவிழ்க்க மறந்து, ஏற்றம் முழுவதும் அப்படியே ஏறியிருக்கிறார். சாக்கு விஷயம் உரிமையாளருக்குத் தெரியாது.

சாரதி சொன்ன முதல் வாக்கியத்தை ஜொப் கார்டில் எழுதினேன். கேபின் ஹீட்டர் பற்றிச் சொன்னதை எழுதவில்லை. அதன் விலை பிறகு தெரிந்தது.

முதல் நாள் சோதனை

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டோம், குமிழி வரவில்லை. தண்ணீரில் ஒயில் மிதக்கவில்லை. தண்ணீர் மட்டத்தில் அடையாளமிட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்தோம், இறங்கவில்லை. வெண்ணெய் போன்ற படிவு மூடியில் மட்டும்தான் இருந்தது. டிப் ஸ்டிக்கில் ஒயில் கறுப்பாகவே இருந்தது. கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்திருந்தால் டிப் ஸ்டிக்கிலும் பால் கலந்த தேநீர் நிறம் தெரியும். மூடியில் மட்டும் படிவது, குளிர்ந்த இன்ஜினுக்குள் ஈரம் வேர்த்து ஒயில் ஆவியோடு சேர்வதால். இன்ஜின் சரியாகச் சூடேறினால் அந்த ஈரம் தானாக வெளியேறிவிடும்.

டிப் ஸ்டிக்கில் வேறொன்று கண்டோம். ஒயில் மட்டம் மேல்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் ஏறியிருந்தது. யாரும் மேலதிகமாக ஊற்றவில்லை என்றார்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்தோம். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் பரவியது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் முழுதாக எரியாத டீசல் வழிந்து, அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்கு இறங்கியிருக்கிறது. காலை வெள்ளைப் புகையும் இதே எரியாத டீசல்தான்.

ஆக, இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்து ஓடுகிறது என்பதற்கு மூன்று சாட்சிகள் எங்கள் கையில் இருந்தன. இருந்தும் அடுத்த அடியைத் தவறாக வைத்தோம்.

நாங்கள் செய்த பிழை

"தேர்மோஸ்டாட் போன வருஷம்தான் மாத்துனது, பாஸ்" என்றார் சாரதி. அதை நம்பி, மீட்டரே பொய் சொல்கிறது என்று முடிவுகட்டினேன். மீட்டருக்கு வெப்பத்தை அறிவிக்கும் செண்டர் யுனிட்டை மாற்றி, எர்த் வயரைச் சுத்தம் செய்து, வண்டியை அனுப்பிவிட்டேன். ஐந்து நாளில் திரும்பி வந்தது. முள் அதே இடத்தில்.

கேபின் ஹீட்டர் குளிர்காற்று ஊதுகிறது என்று சாரதி முதல் நாளே சொல்லியிருந்தார். மீட்டரும் ஹீட்டரும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்று மின்சாரத்தில் ஓடுவது, மற்றது இன்ஜின் தண்ணீரில் ஓடுவது. இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் மீட்டரைச் சந்தேகிக்க இடமில்லை. சாரதி கொடுத்த அந்தத் துப்பை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செண்டர் யுனிட்டின் விலையை உரிமையாளரிடம் வாங்கவில்லை.

அளவெடுத்த காலை

இரண்டாம் முறை இரவே வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டோம். காலை 6.10க்கு வெளியே 9 பாகை. தேர்மோஸ்டாட் ஹவுசிங், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ஆகிய மூன்று இடங்களிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தோம். டேப் ஒட்டுவது பலரும் மறக்கும் வேலை. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேரே அளந்தால் துப்பாக்கி குறைத்துக் காட்டும். கறுப்பு டேப்பின் மேல் உண்மைக்குக் கிட்ட வரும்.

நல்ல இன்ஜினில் தண்ணீர் 80 பாகையை நெருங்கும்வரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். தேர்மோஸ்டாட் மூடியிருப்பதால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. இந்த வண்டியில் முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே மேல் ஹோஸ் ஹவுசிங்கின் வெப்பத்தைப் பின்தொடர்ந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு, மூன்று பாகைதான் வித்தியாசம். இருபது நிமிடம் ஐட்லிங்கில் ஓடியும் ஹவுசிங் 41 பாகையைத் தாண்டவில்லை.

பிறகு லபுக்கலை வழியாக றம்பொடை வரை இறங்கி, திரும்பி ஏறிப் பார்த்தோம். இறக்கத்தில் 38க்கு விழுந்தது. வெறும் வண்டியாக ஏறும்போது ஏறிய உச்சம் 63. வழிநெடுக ஒரு சத்தம் கூடவே வந்தது. பக்கத்தில் இருந்த பையன்தான் கவனித்தான்: "ஃபேன் நிக்காமக் கத்துதே, அண்ணே." ஃபேன் கிளட்ச் உள்ள வண்டியில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் சோம்பலாகச் சுற்ற வேண்டும். இதுவோ தொடக்கம் முதல் இன்ஜின் வேகத்துக்கே சுற்றி இரைந்தது.

திறந்து பார்த்தபோது

ஹவுசிங்கைக் கழற்றினால் தேர்மோஸ்டாட் இருந்தது. அதாவது அதன் வளையம் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய வால்வு, மெழுகுக் குப்பி, ஸ்பிரிங், கீழ்த்தட்டு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, ரப்பர் சீல் உட்காருவதற்காக வெளி வளையத்தை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். சும்மா கழற்றிப் போட்டால் ஹவுசிங் ஒழுகும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

ஃபேன் கிளட்சுக்குள் மூன்று போல்ட்கள். துளை போட்டு, ஊடுருவ இறுக்கி, கிளட்சையே இல்லாமல் செய்திருந்தார்கள்.

இந்த இரண்டும் ஏன் நடந்தன என்பது சாரதியின் சீட்டுக்குப் பின்னால் கிடந்த பில் கட்டில் இருந்தது. 2022 மார்ச்: "தண்ணீர் கொதிப்பு", வோட்டர் பம்ப் மாற்றம். ஏப்ரல்: "தேர்மோஸ்டாட்" என்ற ஒரே சொல்; கூலி மட்டும், பாகத்துக்கு விலை இல்லை. சாரதி அதைத்தான் புதிது போட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார். ஜூலை, வேறொரு கராஜ்: "ஃபேன் வேலை".

பில்களை வரிசையாக வைத்தால் கதை விளங்கியது. வண்டி முதலில் ஏதோ ஒரு காரணத்தால் ஏற்றத்தில் கொதித்திருக்கிறது. பம்ப் மாற்றியும் நிற்காததால் தேர்மோஸ்டாட்டைக் குடைந்துவிட்டார்கள். ஆனால் இந்த இன்ஜினின் தேர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடேறும்போது மேல்வால்வு ரேடியேட்டருக்கு வழிவிடும். அதே நேரம் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கீழ்த்தட்டு இல்லாததால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடந்தது. ஏற்றத்தில் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பியது. ஆகவே குடைந்த பிறகும் கொதிப்பு முழுதாகத் தீரவில்லை. அதற்காகத்தான் ஜூலையில் ஃபேனைப் பூட்டியிருக்கிறார்கள். அத்தோடு கொதிப்பு நின்றது. இன்ஜின் எல்லா இடத்திலும் குளிர்ந்து ஓடத் தொடங்கியது.

அந்த இரண்டு கராஜ்காரர்களையும் பழிக்க எனக்கு மனமில்லை. பொருளாதார நெருக்கடியில் 2022 நடுப்பகுதி எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜூன் மாதம் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியது. அதையும் வரிசையில் நாள்கணக்காக நின்றுதான் வாங்கினோம். உதிரிப்பாகம் தேடினாலும் கிடைக்கவில்லை. மரக்கறி அழுகுவதற்குள் லொறி ஓடியாக வேண்டும். ஓகஸ்டிலிருந்து இந்த வண்டி அதிகமாக டீசல் குடித்ததை யாரும் கவனிக்காததற்கும் அந்தக் காலமே காரணம். அப்போது எந்தக் குறை வந்தாலும் டீசலில் கலப்படம் என்றுதான் சொன்னோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி: "புதுத் தேர்மோஸ்டாட் ஒண்ணு போட்டா முடிஞ்சிருமா?" முடியாது. கொதிப்பின் முதல் காரணத்தை இதுவரை யாரும் தேடவில்லை. அது உள்ளேயே இருக்கும்போது தேர்மோஸ்டாட்டையும் ஃபேன் கிளட்சையும் சரிசெய்தால் வண்டி மறுபடி றம்பொடையில் கொதிக்கும். மூன்றாவதாக ஒருவர் அதே வளையத்தைக் குடைவார். அதனால் முதலில் பழைய சூட்டைக் கண்டுபிடிப்பது, அதன் பிறகே குளிரைத் தீர்ப்பது என்று ஒழுங்கு வைத்தோம்.

பழைய சூடு இரண்டு இடத்தில் இருந்தது. ரேடியேட்டரின் கீழ் மூன்றிலொரு பங்கு சேறும் சருகும் அப்பிக் காற்றே போகாமல் அடைந்திருந்தது. தோட்டப் பாதைகளில் மழைக்காலம் முழுக்க ஓடும் வண்டிக்கு இது புதிதல்ல. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் வெளிவந்த மண்ணைப் பார்த்து உரிமையாளர் வாயடைத்து நின்றார்.

மற்றது ரேடியேட்டர் மூடி. தண்ணீரை அழுத்தத்தில் வைத்து, கொதிப்பதைத் தள்ளிப்போடுவது இந்த மூடிதான். அதில் 0.9 (பார்) என்று அச்சிட்டிருந்தது. பிரஷர் டெஸ்டரில் வைத்தால் 0.3 பாருக்கே விட்டுக்கொடுத்தது. உயரத்தில் இது சின்ன விஷயமல்ல. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். காற்றழுத்தம் குறைவதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். நல்ல 0.9 மூடி போட்டால் 115 வரை தாங்கும். இந்த மூடியோடு 102, 103க்கே கொதிக்கும். கீழ்நாட்டில் எப்படியோ சமாளித்துவிடும் மூடி இங்கே ஏற்றத்தில் கைவிட்டுவிடுகிறது. வோட்டர் பம்ப்பை மாற்றிய செலவில் எத்தனையோ மூடி வாங்கியிருக்கலாம்.

தேர்மோஸ்டாட்டைக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தோம். வந்த இரண்டில் ஒன்றில் 82 என்றும் மற்றதில் 76.5 என்றும் குத்தியிருந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே உருவம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த இன்ஜினுக்கு உரியது 82. பூட்டுவதற்கு முன் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிச் சோதித்தோம். 81, 82இல் திறக்கத் தொடங்கியது. முழுத் திறப்பு 95இல். வெறும் தண்ணீரில் அதை எங்கள் ஊரில் பார்க்கவே முடியாது. 94இல் கொதித்து அங்கேயே நின்றுவிடும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. கூலண்ட் நஞ்சு, அந்தப் பாத்திரம் இப்போது கராஜுக்கே சொந்தம், வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. பூட்டும்போது காற்று போகும் சின்ன ஊசி மேல்பக்கம் வரும்படி வைத்தோம். கீழே வந்தால் உள்ளே காற்று தேங்கி முதல் ஓட்டத்திலேயே ஏமாற்றும்.

ஃபேன் கிளட்ச் புதியது கட்டுப்படியாகவில்லை. நல்ல நிலையில் இருந்த பாவித்த கிளட்ச் ஒன்றைப் போட்டோம். டீசல் கலந்த ஒயிலை வடித்துவிட்டு, புது 15டபிள்யூ-40 ஒயிலும் ஃபில்டரும்.

சாரதியிடம் சாக்கைக் கட்ட வேண்டாம் என்றேன். சிரித்தார்.

அதன் பிறகு

மறுநாள் காலை அதே வேளையில், அதே டேப்களில் அளந்தோம். மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தது. வண்டியை ஓட்டத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் ஹவுசிங் 80ஐத் தொட்டது. அதன் பிறகே ஹோஸ் சூடானது. றம்பொடை இறக்கத்தில் 74 வரை இறங்கி அங்கேயே நின்றது. ஏற்றத்தில் 88. நடுவில் ஃபேன் ஒருமுறை இரைந்து ஓய்ந்தது. பாரத்தோடு ஏற்றிப் பார்க்காமல் விடக்கூடாது என்று அடுத்த வாரம் உரமூட்டை ஏற்றி வந்த நடையிலும் அளக்கச் சொன்னோம்: 93, கொதிக்கவில்லை.

உரிமையாளர் கொப்பியில் கிலோமீற்றரும் லீற்றரும் எழுதுபவர். அந்தப் பழக்கம் எங்களுக்குப் பெரிய உதவி. 2022க்கு முன் லீற்றருக்கு 5.6 கிலோமீற்றர் ஓடிய வண்டி, ஆண்டின் கடைசியில் 4.5க்கு இறங்கியிருந்தது. வேலை முடிந்த மாதம் 5.2. பழைய கணக்குக்கு முழுதாகத் திரும்பவில்லை. காலைப் புகை இரண்டு, மூன்று நிமிடத்தில் அடங்கியது.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் தொலைபேசி வந்தது. "தம்பி, நீங்க கைவச்ச பொறகுதான் வண்டி ஒயில் குடிக்குது." உண்மைதான், மட்டம் அரை லீற்றர் இறங்கியிருந்தது. இதை நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கே அப்போது உறைக்கவில்லை. இன்ஜின் முன்பிருந்தே ஒயிலை எரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மேலிருந்து டீசல் இறங்கி அந்தக் குறையை நிரப்பியதால் டிப் ஸ்டிக்கில் நட்டம் தெரியவில்லை. டீசல் இறங்குவது நின்றதும் உண்மைக் கணக்கு வெளியே வந்தது.

வண்டியைக் கூப்பிட்டுக் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் 26 பாருக்கு மேல்; நான்காவது 22. இந்தத் தேய்மானம் எல்லாம் அந்த ஆறு மாதக் குளிரால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய இன்ஜின் இது. டீசல் கழுவிய சுவரில், நீர்த்துப்போன ஒயிலோடு ஆறு மாதம் ஓடியதும் தன் பங்கைச் செய்திருக்கும். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிஸ்டன் ரிங் மாற்றும் வேலையை அடுத்த போகம் முடிந்த பிறகு பார்ப்பது, அதுவரை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மட்டம் பார்த்து ஊற்றுவது என்று உரிமையாளர் முடிவுசெய்தார். அவர் கணக்குக்கு அது சரி.

மறுபடி வந்தால் எப்படிச் செய்வோம்

"மீட்டர் ஏறவில்லை" என்று வரும் வண்டியில் முதலில் மேல் ஹோஸைத்தான் கையால் தொட்டுப் பார்ப்போம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், செலவும் இல்லை. இந்த வண்டியில் முதல் நாளே அதைச் செய்திருந்தால் செண்டர் யுனிட்டுக்கும் ஐந்து நாளுக்கும் அவசியமே வந்திருக்காது. "மாத்துனது" என்று யார் சொன்னாலும் பில்லில் பாகத்தின் விலை இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஒயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும் வண்டியில், வேலை தொடங்கும் முன்பே கம்ப்ரெஷன் எடுத்து, "சரிசெய்த பிறகு ஒயில் குறைவது போலத் தெரியலாம்" என்று உரிமையாளரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவோம். அந்தத் தொலைபேசி அழைப்பைப் போல இன்னொன்று எனக்கு வேண்டாம்.

ஜொப் கார்டில் புதிதாக ஒரு வரி அச்சடித்திருக்கிறோம், தமிழிலும் சிங்களத்திலும்: "வண்டி முன்பு எப்போதாவது கொதித்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?" பெப்ரவரியில் வந்த ஒரு கொழுந்து லொறியில் அந்த வரிக்கு எழுதிய பதில் "ஆம், தேர்மோஸ்டாட் எடுத்தாச்சு".

மரக்கறி லொறி இன்னும் தம்புள்ளைக்குத்தான் ஓடுகிறது. போன வாரம் ஒயில் ஃபில்டர் மாற்ற வந்தபோது சீட்டுக்குப் பின்னால் பார்த்தேன். சாக்கு மடித்தபடி அங்கேயே இருந்தது. கேட்டதற்கு, "இப்ப அது கால் தொடைக்கத்தான், பாஸ்" என்றார் சாரதி.